வீட்டு இணையத்தில் முகவரி எங்கே மாறுகிறது? சப்நெட், நாட் இரண்டையும் புரிந்துகொண்டு சரிசெய்ய ஒரு வழிகாட்டி

மதுரையில் வீடுகளுக்குக் கேமரா மாட்டுவதும், வைஃபை போட்டுக் கொடுப்பதும் என் தொழில். கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ரவுட்டரை மாத்தணுமா தம்பி?" என்றுதான். பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. பெட்டிகளெல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டி யாருக்கு முகவரி கொடுக்கிறது, அந்த முகவரி எந்த இடத்தில் வேறொன்றாக மாறுகிறது என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிடாமலே நிறைய சரிசெய்யலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அண்ணா நகர்ப் பக்கம் மாடி வீடு. கீழே அம்மா அப்பா, மேலே மகள் குடும்பம். ஃபைபர் பெட்டி கீழே ஹாலில். அங்கிருந்து லேன் கேபிள் ஒன்று மாடிக்குப் போய் இன்னொரு ரவுட்டரில் முடிகிறது. பிரிண்டரும், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆரும் கீழே. குறைகள் மூன்று. மாடியில் இருந்து தேடினால் பிரிண்டர் கிடைப்பதில்லை. மகள் ஆபீஸ் விபிஎன் (வீட்டிலிருந்தே ஆபீஸ் வலைக்குள் போக உதவும் தனி வழி) போட்டால் ஆபீஸ் சர்வர் திறப்பதில்லை. வெளியூர் போனால் கேமரா படம் வருவதில்லை. மூன்றும் வெவ்வேறு கோளாறு மாதிரித் தெரியும். மூன்றுக்கும் காரணம் முகவரிதான்.

முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். இதைத் தாண்டிப் போக வேண்டாம். நான் எந்த வீட்டிலும் படம் வரையாமல் எந்தப் பெட்டியின் செட்டிங்ஸையும் தொடுவதில்லை. வெளியிலிருந்து வரும் ஃபைபரில் தொடங்கி, வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு கட்டமாகப் போடுங்கள். ரவுட்டராக ஓடும் எந்தப் பெட்டிக்கும் இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கம் வான், உட்பக்கம் லேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி முகவரி. இரண்டையும் எழுத வேண்டும்.

முகவரியைப் பார்ப்பது சுலபம். ஃபோனில் செட்டிங்ஸ் போய், இணைந்திருக்கும் வைஃபை பெயரைத் தொட்டால் ஐபி முகவரி, கேட்வே, சப்நெட் மாஸ்க் மூன்றும் இருக்கும். கேட்வே என்பது உங்கள் வலைக்கு வாசலாக நிற்கும் பெட்டி, மாஸ்க்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சில ஃபோன்களில் மாஸ்க்குக்குப் பதிலாக 24 என்று மட்டும் இருக்கும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள், அதே மூன்றும் வரும். கேட்வே என்று காட்டும் எண்ணை பிரவுசரில் போட்டால் அந்தப் பெட்டியின் உள்ளே நுழையலாம். அங்கே ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் முகவரி இருக்கும்.

அந்த வீட்டில் என் தாளில் விழுந்தவை இவை. ஃபைபர் பெட்டியின் லேன் 192.168.1.1. மாடி ரவுட்டரின் வான் 192.168.1.5, லேன் 192.168.0.1. கீழே பிரிண்டர் 192.168.1.20. மாடியில் மகளின் லேப்டாப் 192.168.0.101.

இந்த 192.168 ஏன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது? ஐபி நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் நீளம். ஆக மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள்தான் உண்டு. உலகத்தில் இருக்கும் ஃபோன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க அது போதாது. அதனால் மூன்று தொகுதிகளை வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இதைச் சொல்கிறது. 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை எல்லாம். நடுவில் இருப்பதில் கவனம் தேவை. 172.32 இந்தக் கணக்கில் வராது, அது வெளியுலக முகவரி. உங்கள் வீட்டு 192.168.1.20 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், ஒன்றோடு ஒன்று மோதாது. ஏனென்றால் அந்த எண்ணோடு எதுவும் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதில்லை.

இப்போது மாஸ்க். வீடுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 255.255.255.0 தான். இதையே /24 என்றும் எழுதுவார்கள், முதல் 24 பிட் வலையின் அடையாளம், மீதி 8 பிட் அதிலுள்ள கருவியின் அடையாளம் என்று பொருள். மாஸ்க்கை வைத்து ஒரு கருவி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: நான் பேச வேண்டிய ஆள் என் வலைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? தன் முகவரியின் முதல் 24 பிட்டையும் எதிராளியின் முதல் 24 பிட்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால், "இந்த முகவரி யாருடையது?" என்று வலை முழுக்கக் கேட்டு, நேரடியாகப் பேசிவிடும். ஒத்துப்போகாவிட்டால் கேட்வேயிடம் கொடுத்துவிடும். இப்படி நேரடியாகப் பேசிக்கொள்ளும் கருவிகளின் வலைதான் ஒரு சப்நெட். அந்த விஷயத்தின் உயிரே இந்த முடிவுதான்.

மகளின் லேப்டாப் 192.168.0.101, பிரிண்டர் 192.168.1.20. மூன்றாவது எண் வேறு. ஆகவே லேப்டாப்புக்குப் பிரிண்டர் வெளியாள்.

/24 வலையில் 256 எண்கள். முதல் எண்ணான 0 வலையைக் குறிக்கும், கடைசி எண்ணான 255 எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட. மீதி 254 தான் கருவிகளுக்கு. இதைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவதும் உண்டு. மாஸ்க்கின் கடைசி எண்ணை 256-லிருந்து கழித்தால் துண்டின் அளவு வந்துவிடும், பைனரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 255.255.255.192 என்றால் 256 கழித்தல் 192, அதாவது 64. ஆக துண்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 192.168.1.130 எந்தத் துண்டில்? 128-இல் தொடங்கி 191-இல் முடியும் துண்டில். கருவிகளுக்கு 129 முதல் 190 வரை.

வீட்டுக்கு இந்த வெட்டல் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பழகட்டும். வீட்டில் கேமராவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று பிரிக்க நினைத்தால் 192.168.10, 192.168.20 என்று முழு /24 ஆகவே எடுத்துக்கொள்ளுங்கள், இடத்துக்கா பஞ்சம்? மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் கருவி எங்கே இருக்கிறது என்று தெரியும். பிரிக்க வசதியுள்ள ரவுட்டரும் வேண்டும் என்பது தனிக்கதை.

ஆனாலும் அந்தக் கழித்தல் கணக்கு தெரிந்திருப்பது ஒரு இடத்தில் கைகொடுக்கும். கேமராவுக்குக் கையால் முகவரி போடும்போது மாஸ்க்கை 255.255.255.128 என்று யாரோ போட்டிருப்பார்கள். கேமரா 192.168.1.108, டிவிஆர் 192.168.1.200. கேமராவின் கணக்குப்படி அதன் வலை 0 முதல் 127 வரைதான். 200 அதற்கு வெளியாள். டிவிஆர் கேட்டால் கேமரா பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கும். கேட்வே கட்டம் காலியாக இருந்தால் பதில் எங்கேயும் போகாது. கேபிளைப் பத்துத் தடவை கிரிம்ப் செய்தாலும் இது தீராது. முகவரியைப் பார்த்துவிட்டு மாஸ்க்கைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இனி நாட், அதாவது முகவரி மாற்றும் வேலை. வீட்டு முகவரி வாசலைத் தாண்டாது என்றால் யூடியூப் எப்படி வருகிறது? வாசலில் இருக்கும் ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்புகிறது. அரசு அலுவலகத் தபால் பிரிவில் இருக்கும் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசையிலிருந்து கடிதம் வந்தாலும் அலுவலக முகவரியில்தான் வெளியே போகும், எழுத்தர் ஒரு எண் போட்டுக் குறித்துக்கொள்வார், பதில் அந்த எண்ணோடு வந்தால் உரிய மேசைக்கு அனுப்புவார். ரவுட்டரும் இதையேதான் செய்கிறது. போர்ட் என்பது ஒரு கருவிக்குள் ஒவ்வொரு பேச்சையும் பிரித்தறியும் எண். ஃபோன் 192.168.1.37, போர்ட் 51514-இலிருந்து ஒரு தளத்தின் 443-ஆம் போர்ட்டுக்குப் பேசுகிறது என்று வையுங்கள். ரவுட்டர் அனுப்பியவர் இடத்தில் தன் வான் முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் போட்டு, அட்டவணையில் ஒரு வரி எழுதிவிட்டு அனுப்பும். பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து 192.168.1.37-க்குத் திருப்பும். கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் வரியை அழித்துவிடும்.

1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதிய ஆர்எஃப்சி 1631 தான் இந்த யோசனையை ஆவணமாக முன்வைத்தது. குறுகிய காலத் தீர்வு என்றே அதில் சொன்னார்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் அதுதான் ஓடுகிறது.

அட்டவணையில் வரி இருந்தால்தான் உள்ளே விடும் என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து யாராவது தாமாகக் கதவைத் தட்டினால், அதற்குரிய வரி இல்லை, ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடும். வெளியூரில் கேமரா தெரியாததற்கும், மாடி வீட்டுக் கருவியைக் கீழிருந்து தொட முடியாததற்கும் இந்த ஒரு விதிதான் காரணம்.

அண்ணா நகர் வீட்டில் முகவரி இரண்டு இடத்தில் மாறிக்கொண்டிருந்தது. மாடி ரவுட்டரில் ஒரு முறை, ஃபைபர் பெட்டியில் ஒரு முறை. இதை டபுள் நாட் என்பார்கள். உங்கள் தாளில் இரண்டாவது ரவுட்டரின் வான் முகவரியே 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், உங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். பிரவுசிங்கும் யூடியூபும் இதில் கெடாது, அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாடியிலிருந்து பிரிண்டரின் எண்ணை, 192.168.1.20 என்று நேராகக் கொடுத்தால் பிரிண்ட் வரும், ஏனென்றால் உள்ளிருந்து வெளியே போகும் பேச்சுக்குத் தடையில்லை. தேடச் சொன்னால் மட்டும் கிடைக்காது. "பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்ற கூப்பாடு தன் சப்நெட்டுக்குள்ளேயே நின்றுவிடும், ரவுட்டரைத் தாண்டாது. எண் கொடுத்தால் வேலை செய்து, தேடினால் கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு ரவுட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்வு, மாடி ரவுட்டரை ரவுட்டர் வேலையிலிருந்து விடுவித்து, வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக ஆக்குவது. புதிய ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றே ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம். வரிசை முக்கியம். லேப்டாப்பை அந்த ரவுட்டரின் லேன் துளையில் கேபிளால் இணையுங்கள். உள்ளே போய் அதன் லேன் முகவரியை ஃபைபர் பெட்டியின் வலையிலேயே, வேறு யாரும் வைத்திருக்காத எண்ணாக மாற்றுங்கள், உதாரணமாக 192.168.1.2. ரவுட்டர் மறுபடி எழுந்ததும் புதிய எண்ணில் உள்ளே போய் டிஎச்சிபி சர்வரை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை வான் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் ஒரே வலையில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்கத் தொடங்கும். சில ஃபோனுக்கு இணையம் வரும், சிலதுக்கு வராது, காரணம் கண்டுபிடிக்க நாள் போய்விடும்.

டபுள் நாட்டை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் இடமும் உண்டு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, இணையத்தைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் நிறைய. அங்கே யார் உள்ளே, யார் வெளியே என்பதை யோசித்துச் செய்யுங்கள். உள் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர் வெளி வலையில் உள்ள பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் தொட முடியும். வெளி வலையில் இருப்பவர்தான் உள்ளே வர முடியாது. குடியிருப்பவருக்குத் தனி ரவுட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டோம், நம் கேமரா பத்திரம் என்று நினைப்பது தலைகீழ். உங்கள் கருவிகள் உள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ரவுட்டர் தனித்தனியாக வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து மகளின் ஆபீஸ் விபிஎன். இது எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் மாஸ்க் பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. அவருடைய ஆபீஸ் சர்வர் 192.168.0.50. மாடி வலையும் 192.168.0. விபிஎன் இணைந்திருந்தாலும் லேப்டாப், "192.168.0.50 என் வலைக்குள்ளேதான்" என்று முடிவுகட்டி வீட்டுக்குள்ளேயே தேடும். மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கியதும் இந்த மோதல் போய்விட்டது. ஆனால் 192.168.1-உம் எல்லா இடத்திலும் இருப்பதுதான். நாளைக்கு வேறு ஆபீஸுக்கு மாறினால் மறுபடி மோதலாம். அதனால் வீட்டு வலையையே 192.168.57 என்று மாற்றிவைத்தேன். 57-க்கு விசேஷம் ஒன்றுமில்லை. 0, 1, 10, 100 போன்ற எல்லாரும் எடுக்கும் எண்களைத் தவிருங்கள், அவ்வளவுதான். ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 29 வரும், அதையும் தவிர்க்கலாம்.

மாற்றுவதென்றால் ஃபைபர் பெட்டியின் லேன் பக்கத்தில் 192.168.57.1 என்று போட்டு, டிஎச்சிபி கொடுக்கும் வரம்பை 100 முதல் 199 வரை வையுங்கள். நிலையான எண் வேண்டியவற்றுக்கு 100-க்குக் கீழே: ஆக்சஸ் பாயின்ட் 2, பிரிண்டர் 20, டிவிஆர் 30. கையால் எண் போட்ட கருவிகள் தாமாக மாறாது என்பதால் அவற்றை முதலில் பட்டியலிட்டுக்கொண்டு, ஆக்சஸ் பாயின்ட், பிரிண்டர், டிவிஆர் என்று ஒவ்வொன்றிலும் புதிய எண், மாஸ்க், கேட்வே மூன்றையும் போட்டுவிட்டு, ஃபைபர் பெட்டியைக் கடைசியாக மாற்றுங்கள். யாருக்கும் ஆன்லைன் வகுப்போ மீட்டிங்கோ இல்லாத நேரமாகப் பாருங்கள். சில இணைப்புகளில் ஃபைபர் பெட்டியின் லேன் செட்டிங்ஸைத் தொட விடமாட்டார்கள். அப்படியானால் அதை பிரிட்ஜ் மோடில் போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள், அப்போது முகவரி மாற்றும் வேலை முழுக்க உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும்.

மூன்றாவது குறை, கேமரா. இதற்கு வழக்கமாகச் சொல்வது போர்ட் ஃபார்வர்டிங். வெளியிலிருந்து இந்தப் போர்ட்டைத் தட்டினால் 192.168.57.30-க்கு அனுப்பு என்று அட்டவணையில் நிரந்தரமாக ஒரு வரி எழுதி வைப்பது. அதைச் செய்வதற்கு முன் ஒரு சோதனை. ஃபைபர் பெட்டியின் வான் முகவரியைத் தாளில் பாருங்கள். பிறகு கூகுளில் என் ஐபி என்ன என்று தேடி, வருகிற நான்காம் பதிப்பு முகவரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபார்வர்டிங் வேலை செய்யும். வெவ்வேறாக இருந்தால், உங்கள் வீட்டுக்கு வெளியே, இணைப்பு கொடுப்பவரிடத்தில், முகவரி இன்னொரு முறை மாறுகிறது. அங்கே போய் நீங்கள் வரி எழுத முடியாது.

வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் இது உறுதி. அந்தத் தொகுதியை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவில் பிரித்துக் கொடுக்கக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகள் தீர்ந்தன, நம் ஆசியப் பகுதியின் வழக்கமான ஒதுக்கீடு அதே ஏப்ரலில் முடிந்தது. பிறகு வந்த இணைப்புகளுக்குப் பல வீடுகள் சேர்ந்து ஒரு பொது முகவரியைப் பகிர்வதைத் தவிர வழியில்லை. சில இடங்களில் 10 என்று தொடங்கும் முகவரியும் வரும். அண்ணா நகர் வீட்டில் 100.72 என்று இருந்தது. அதற்கு முன்பு வந்த ஆள் போர்ட் ஃபார்வர்டிங்கைச் சரியாகவே போட்டிருந்தார், பயன்தான் இல்லை.

இந்த நிலையில் வழிகள்: மாதக் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது, டிவிஆர் நிறுவனத்தின் கிளவுட் ஆப்பைப் பயன்படுத்துவது, அல்லது வீட்டுக்குள் ஒரு கருவியில் டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் போடுவது. கடைசி இரண்டும் வேலை செய்வதற்குக் காரணம், வீட்டுக் கருவியே உள்ளிருந்து வெளியே பேச்சைத் தொடங்குகிறது, வரி தானாக எழுதப்படுகிறது. நான் விபிஎன் பக்கம்தான்.

பொது முகவரி இருக்கும் வீட்டில்கூட டிவிஆர் போர்ட்டை ஊருக்கே திறந்து வைப்பதை நான் செய்து தருவதில்லை. 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து டின் என்ற நிறுவனத்தின், தளப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் சேவையைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. திறந்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டை மாற்றி, டிவிஆர் மென்பொருளைப் புதுப்பித்து, ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறவுங்கள். டிஎம்இசட் என்ற தேர்வைத் தொடவே வேண்டாம், அது எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடும். சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து சொந்தப் பொது முகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் பதில் தருவதில்லை, வேலை செய்கிற ஃபார்வர்டிங்கும் கெட்டது போலத் தெரியும்.

ஆறாம் பதிப்பு முகவரி உங்கள் இணைப்பில் இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும், மாற்றும் வேலை கிடையாது. அப்போது காவல் முழுவதும் ரவுட்டரின் ஃபயர்வால் கையில், அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு லேப்டாப்பில் இப்படிச் சோதியுங்கள். முகவரி 192.168.57 என்று வந்திருக்கிறதா பாருங்கள். 169.254 என்று வந்தால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, கேபிளையும் டிஎச்சிபி செட்டிங்ஸையும் பாருங்கள். பிறகு, எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் முதலில் 192.168.57.1, அடுத்து வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8, அடுத்து ஒரு தளத்தின் பெயர். முதல் பிங் போகாவிட்டால் கோளாறு வீட்டுக்குள். முதல் பிங் போய் இரண்டாவது போகாவிட்டால் ஃபைபர் பெட்டிக்கு அப்பால். இரண்டும் போய்ப் பெயர் மட்டும் போகாவிட்டால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித்தரும் சேவையில் கோளாறு. அந்த வீட்டில் மூன்றும் போனதும் மாடியில் பிரிண்டரைத் தேடச் சொன்னேன், பட்டியலில் வந்தது. தாளைப் புதிய எண்களோடு எழுதி ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வந்தேன், அடுத்து வருகிற ஆள் யாராக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கட்டும்.